ராஞ்சி உயர்நீதி மன்றம்

முறை வேண்டிச் செல்லும் ஏழைக்குச் சட்ட நுணுக்கத்தினும் முதலில் தெரிய வேண்டுவது, அம்முறை மன்றம் எத்துணைத் தொலைவில் உள்ளது என்பதேயாம். கட்டுச்சோற்றுடனும் மடியிற் சில காசுகளுடனும் புறப்படுவோன், சோறு தீருமுன் மன்றத்தை அடைதல் வேண்டும். காசு தீருமுன் அவன் வழக்கு முடிதலும் வேண்டும். இவ்விரண்டும் நூறாண்டுகளுக்கு மேலாகக் கைகூடாத மலைநாடு ஒன்று நம் இந்திய நாட்டின் கிழக்கே உண்டு. அதுவே இந்நாளில் ஜார்க்கண்ட் எனப் பெயர் வழங்கும் மாநிலம். அதன் தலைநகராகிய ராஞ்சியில் இப்போது விளங்கும் உயர்நீதி மன்றம் தோன்றிய வரலாறு, மாணவர்களாகிய நீங்கள் அறிந்துகொள்ளத் தக்கது.

ஜார்க்கண்ட் என்பதற்குக் காடு செறிந்த நாடு என்பது பொருள். பெயருக்கேற்பச் சால மரங்கள் அடர்ந்த மேட்டு நிலமும், இடையிடையே குன்றுகளும், குன்றுகளிடை வீழும் அருவிகளும் உடைய நாடு அது. நிலக்கரியும் இரும்பும் அதன் மண்ணுள் மிகுதி. மாநிலத்தின் பரப்பு 79,714 சதுர கிலோமீட்டர். 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 3 கோடியே 30 லட்சம் பேர். அவர்களுள் நூற்றுக்கு 26 பேர் பழங்குடியினர். சந்தாலர், முண்டர், ஹோ, ஓராவோன், கரியர் முதலாக முப்பத்திரண்டு குடிகள் அங்கு வாழ்கின்றன.

இவர்களுள் ஓராவோன் குடியினரைப்பற்றி ஒரு செய்தியை இங்குக் கூறாது செல்ல என் மனம் ஒருப்படவில்லை. அவர்கள் பேசும் குருக் என்னும் மொழி நம் தமிழோடு ஒரு தாய் வயிற்றுப் பிறந்தது. 'யான்' என்று நாம் கூறுவதை அவர்கள் 'ஏன்' என்பர். 'நீ' என்பதை 'நீன்' என்பர். முன்னிலையாரையும் உளப்படுத்திக் கூறும் பன்மைக்கு அவர்களும் 'நாம்' என்றே கூறுவர். ராஜ்மகால் குன்றுகளில் வாழும் பகாரியர் பேசும் மால்தோ மொழியும் இவ்வினத்தைச் சார்ந்ததே. இலக்கணம் பயின்றோர்க்கு இஃது எத்துணை இன்பம் தருவது! முண்டர், ஹோ, சந்தாலர் ஆகியோர் மொழிகள் வேறு குடும்பத்தன. ஆக, அந்நாட்டு வழக்காளர் பேசும் மொழிகள் பல. ஆனால் அவர்தம் வழக்குகள் நெடுங்காலம் அம்மொழிகளுள் ஒன்றிலேனும் நடைபெறவில்லை. இதனை நினைவிற் கொண்டு மேலே செல்வோம்.

அந்நாட்டு வழக்குகள் பெரும்பாலும் நிலத்தின்பாற்பட்டவை. ஆதலின் முதற்கண் முண்டர்தம் நிலவுரிமை இன்னதென உணர்தல் வேண்டும். ஒரு குலத்தார் காட்டை வெட்டித் திருத்தி ஊர் அமைத்தால், அவ்வூர் நிலமும் காடும் அக்குலத்தார் அனைவர்க்கும் பொதுவாம். இவ்வுரிமையைக் குண்ட்கட்டி என வழங்குவர். இதற்குப் பட்டயம் இல்லை, ஓலை இல்லை, முத்திரை இல்லை. குலத்து முன்னோரின் எலும்புகளைப் புதைத்து அவற்றின்மேல் கிடத்திய பெருங்கற்களே அவர்க்குச் சான்று. சசன்திரி என்பது அக்கல்லின் பெயர்; இடுகாட்டுக் கல் என்பது அதன் பொருள். எம் முன்னோர் இங்கு உறங்குகின்றனர், ஆதலின் இந்நிலம் எமது என்பதே அவர் வழக்குரை. ராஞ்சி மாவட்டத்துச் சோகஹாத்து என்னும் ஊரில் இத்தகைய கற்கள் ஏழாயிரத்திற்கு மேல் உள்ளன. 1873ஆம் ஆண்டில் டால்ட்டன் என்னும் ஆங்கில அதிகாரி அவற்றைப்பற்றி எழுதி வைத்துள்ளார். பழம்பொருளாய்ப் பாழ்பட்டுக் கிடப்பன அல்ல அவை. முண்டர் இந்நாளிலும் தம் இறந்தோர் எலும்பை அவ்விடத்துக் கொணர்ந்து அடக்கம் செய்கின்றனர்.

சோட்டா நாகபுரியை ஆண்ட அரசர், தம் அவையிற் பணி செய்ய வந்த வெளியூரார்க்கு ஊர்களை மானியமாகவும் குத்தகையாகவும் வழங்கத் தலைப்பட்டனர். பின்னர் ஆங்கிலேயர் வந்து காசாக வரி கேட்டனர். கடன் கொடுப்போரும் குத்தகைக்காரரும் மலையேறினர். பழங்குடியினர் இவர்களைத் 'திக்கு' என்றனர். அயலார் என்பது அச்சொல்லின் பொருள். குலத்தின் பொதுநிலம் குத்தகைக்காரன் நிலமாயிற்று, உழுதவன் கூலியானான். 1831-32ஆம் ஆண்டுகளில் முண்டரும் ஹோ மக்களும் ஓராவோன் மக்களும் கிளர்ந்தெழுந்தனர். அதனைக் கோல் கிளர்ச்சி என்று வரலாற்று நூல்கள் கூறும்.

படை கொண்டு அக்கிளர்ச்சியை அடக்கிய பின்னர், ஆங்கிலேயர் ஓர் உண்மையை உணர்ந்தனர். வங்காளத்துச் சமவெளிக்கு வகுத்த சட்டம் இம்மலைநாட்டிற்குப் பொருந்தாது என்பதே அது. ஆகவே 1833ஆம் ஆண்டில் பதின்மூன்றாம் ஒழுங்குச் சட்டம் இயற்றி, இந்நாட்டைப் பொதுச்சட்டங்களினின்றும் விலக்கித் தென்மேற்கு எல்லைப் பகுதி எனப் பெயரிட்டு, தாமஸ் வில்கின்சன் என்பாரிடம் ஒப்புவித்தனர். அவர் கொல்ஹான் பகுதியில் ஹோ மக்களிடையே பண்டுதொட்டு இருந்த ஊராட்சி முறையை அழிக்காது விட்டார். ஊர்த்தலைவன் முண்டா எனவும், பல ஊர்க்குத் தலைவன் மான்கி எனவும் வழங்கப் பெறுவர். சிறு வழக்குகள் இவர்கள் முன்னிலையில் ஊர் நடுவே தீர்க்கப்பட்டன. 1837ஆம் ஆண்டளவில் வில்கின்சன் வகுத்த விதிகளின் பெயரைக் கொல்ஹான் மக்கள் இன்றும் மறந்திலர். ஒரு வகையில் நோக்கின், அந்நாட்டில் மக்களுக்கு மிக அண்மையில் இருந்த நீதிமன்றம் அம்மரத்தடி மன்றமே எனலாம்.

கொல்ஹானுக்குப் புறத்தே நிலைமை வேறாயிற்று. 1854ஆம் ஆண்டில் அந்த எல்லைப் பகுதி என்னும் அமைப்பு நீங்கி, சோட்டா நாகபுரி ஓர் ஆணையரின் ஆட்சிக்குட்பட்டது. நாளடைவில் வழக்குகளை விசாரிப்பதற்கெனத் தனியே ஒரு நீதி ஆணையர் ஏற்பட்டார். இப்பதவிப் பெயர் அழியாது நிலைத்து நிற்பது வியப்பிற்குரியது. பிற மாவட்டங்களில் மாவட்ட நீதிபதி என வழங்கும் பதவியை ராஞ்சியில் மட்டும் இன்றும் நீதி ஆணையர் என்றே அழைக்கின்றனர்.

அம்மன்றங்கள் எழுத்தை நம்பின, பழங்குடியினரோ எழுத்தறியாதவர். குத்தகைக்காரன் கையில் கடன் சீட்டும் வரி ரசீதும் இருந்தன. முண்டனிடம் கல் ஒன்றே இருந்தது. மன்றத்தின் மொழி அவனுக்கு விளங்காது. அவன் மொழி மன்றத்திற்கு விளங்காது. இடைநின்று மொழிபெயர்ப்போன் பெரும்பாலும் எதிரியின் ஊரான் அல்லது உறவினன். தீர்ப்பு எவர்பக்கம் சாயும் என்பதை நான் கூறவும் வேண்டுமோ? கீழ்மன்றத்தில் தோற்றவன் மேல்முறையீடு செய்யக் கருதின், கல்கத்தாவிற்குச் செல்லல் வேண்டும். 1862ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் கல்கத்தா உயர்நீதி மன்றம் திறக்கப் பெற்றது. ராஞ்சியினின்று கல்கத்தா ஏறத்தாழ 400 கிலோமீட்டர்த் தொலைவு. புகைவண்டி ராஞ்சிக்கு வந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான். அதுவரை காட்டு வழியும் காட்டாறும் கடந்தே செல்லல் வேண்டும்.

எனினும் அவர்கள் சென்றனர். 'சர்தார்' எனப்பட்ட முண்டத் தலைவர்கள் ஏறத்தாழ நாற்பதாண்டுகள் விண்ணப்பத்தின்மேல் விண்ணப்பம் எழுதுவித்துக் கல்கத்தாவிற்குக் கொண்டு சென்றனர்; வழக்குரைஞர்க்குக் கொடுக்க ஊர்தோறும் பணம் தண்டினர். முண்டர் தம் முன்னோரின் கல்லொன்றையே பெயர்த்துத் தூக்கிக்கொண்டு கல்கத்தாவிற்குச் சென்று, 'இதுவே எம் பட்டயம்' என்று காட்ட முயன்றனர் என ஒரு செய்தி அவர்களிடையே இன்றும் வழங்குகிறது. கல் பேசும் என்று நம்பியவர் அவர். ஏடு மட்டுமே பேசும் என்று நம்பியது மன்றம்.

1869ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றி, முதற்குடியினரின் நிலங்களை அளந்து பதிவு செய்யத் தொடங்கினர். ராக்கால்தாஸ் ஹால்தார் என்னும் வங்க நாட்டு அதிகாரி பதினோராண்டுகள் ஊர் ஊராகச் சென்று அப்பணியை ஆற்றினார். ஆயினும் அச்சட்டம் சில வகை நிலங்களையே காத்தது. குலத்தார்க்குப் பொதுவாகிய குண்ட்கட்டி உரிமை அதன் எல்லைக்குப் புறத்தே நின்றுவிட்டது. விண்ணப்பம் எழுதியோர் மனம் கசந்தனர். அக்கசப்பினின்று எழுந்தவனே பிர்சா முண்டா.

பிர்சா 1875ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் உலிஹாத்து என்னும் சிற்றூரிற் பிறந்தவன். இளமையிலேயே மக்கள் அவனைத் தெய்வமாகக் கொண்டாடினர். 1895ஆம் ஆண்டில் கைதாகி ஈராண்டுச் சிறைத் தண்டனை அடைந்தான். மீண்டு வந்தவன் 1899ஆம் ஆண்டின் இறுதியில் 'உல்குலான்' எனும் பெருங்கிளர்ச்சியைத் தொடங்கினான். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் மீண்டும் அகப்பட்டு ராஞ்சிச் சிறையில் அடைக்கப்பட்டான். 1900 ஜூன் 9ஆம் நாள், தன்மீது சாட்டப்பட்ட வழக்கிற்குத் தீர்ப்பு வருமுன்னரே, இருபத்தைந்து ஆண்டும் நிரம்பாத அவ்விளைஞன் அச்சிறையில் உயிர் நீத்தான். அவனோடு பிடிபட்டவர் பல நூற்றுவர். அவருள்ளும் சிலர் விசாரணைக்குக் காத்திருந்த நிலையிலேயே சிறையில் மாண்டனர். குற்றவாளி என்றோ குற்றமற்றவர் என்றோ எந்த மன்றமும் அவர்களைப்பற்றிக் கூறவில்லை.

அக்கிளர்ச்சி தோற்றது; ஆனால் அதன் கோரிக்கை வென்றது. நிலங்கள் மீண்டும் அளக்கப் பெற்று, ஒவ்வோர் உழவனின் உரிமையும் 'கத்தியான்' எனப்படும் ஏட்டிற் பதியப் பெற்றது. முண்டரிடையே பணியாற்றி அவர்தம் மொழியைப் பழுதறக் கற்றிருந்த ஹாப்மன் என்னும் பாதிரியார், அவர்களுடைய நிலமுறையை அதிகாரிகட்கு விளங்க எடுத்துரைத்தார். அதன் பயனாக 1908ஆம் ஆண்டில் சோட்டா நாகபுரிக் குத்தகைச் சட்டம் பிறந்தது. குண்ட்கட்டி என்னும் சொல் அச்சட்டத்தில் உரிய இடம் பெற்றது. இச்சட்டம் பிற்காலத் திருத்தங்களால் மேலும் வலுப்பெற்றது. அதன் 46ஆம் பிரிவின்படி, பழங்குடி உழவன் தன் நிலத்தை அதே காவல் நிலைய எல்லையில் வாழும் பழங்குடியினன் ஒருவனுக்கே, அதுவும் மாவட்டத் துணை ஆணையரின் முன்னிசைவு பெற்றே, விற்கலாம். அயலார்க்கு விற்றல் ஆகாது. சந்தாலர் நாட்டிற்கும் இத்தகைய சட்டம் உண்டு. 1855ஆம் ஆண்டில் சித்து, கானு என்னும் உடன்பிறந்தார் நடத்திய கிளர்ச்சியின் விளைவாகத் தனியாட்சி பெற்ற அப்பகுதிக்கு, 1949ஆம் ஆண்டில் தனிக் குத்தகைச் சட்டம் இயற்றப் பெற்றது.

சட்டம் வந்தது, மன்றமோ இன்னும் தொலைவிலேயே இருந்தது. 1912ஆம் ஆண்டில் பீகாரும் ஒரிசாவும் வங்கத்தினின்று பிரிந்து ஒரு மாநிலமாயின. 1916 மார்ச்சு முதல் நாள் பாட்னாவில் உயர்நீதி மன்றம் செயற்படத் தொடங்கிற்று. அன்று முதல் சோட்டா நாகபுரி மக்கள் கல்கத்தாவை விட்டுப் பாட்னாவை நோக்கலாயினர். கிழக்கு நோக்கி நடந்தவர் வடக்கு நோக்கி நடந்தனர், அவ்வளவே வேற்றுமை. ராஞ்சிக்கும் பாட்னாவிற்கும் இடையே முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் உண்டு.

இங்கு ஒன்று கருதத் தக்கது. பாட்னா மன்றத்தை அமைத்த அரச ஆணையிலேயே, நீதிபதிகள் பிற ஊர்களுக்குச் சென்று அமர்ந்து வழக்குக் கேட்கலாம் என ஒரு பிரிவு இருந்தது. அதனைக் கொண்டு 1916ஆம் ஆண்டு மே மாதத்திலேயே ஒரிசா மக்களின் பொருட்டு நீதிபதிகள் கட்டாக்கிற்குச் சென்று அமர்ந்தனர். 1948ஆம் ஆண்டில் அங்குத் தனி உயர்நீதி மன்றமே எழுந்தது. ராஞ்சிக்கும் அதே பிரிவு பொருந்தும். ஆனால் அப்பிரிவு ராஞ்சியின்பொருட்டுக் கண் விழித்தது 1972ஆம் ஆண்டில்! ஐம்பத்தாறு ஆண்டுகள் ஏட்டில் இருந்த ஓர் உரிமை ஏட்டிலேயே உறங்கிற்று. கட்டாக்கில் கற்றோரும் வழக்குரைஞரும் நிறைந்திருந்தனர். அவர்கள் கேட்டனர், பெற்றனர். மலைநாட்டார்க்குக் கேட்டுப் பெறும் வழி தெரிந்திருக்கவில்லை. இதுவே காரணம் என்பது என் கருத்து.

1972 மார்ச்சு 6ஆம் நாள் பாட்னா உயர்நீதி மன்றத்தின் சுற்று அமர்வு ராஞ்சியில் தொடங்கிற்று. சுற்று அமர்வாவது, நீதிபதிகள் வந்து சில காலம் அமர்ந்து மீள்வது. இதனை நிலையானதாக்கல் வேண்டுமென மக்கள் வற்புறுத்தினர். நாடாளுமன்றம் அதற்கெனச் சட்டம் இயற்றியது. 1976 ஏப்ரல் 8ஆம் நாள் முதல் ராஞ்சிக் கிளை நிலையான கிளையாயிற்று. ராஞ்சி நகரின் டோரண்டா என்னும் பகுதியில் அது பல்லாண்டு இயங்கிற்று. சோட்டா நாகபுரி உழவன் முதன்முறையாகத் தன் நாட்டு எல்லைக்குள்ளேயே மேல்முறையீடு செய்து, அன்றே ஊர் திரும்பக் கூடியவனானான்.

இதனால் எல்லாம் நேராகிவிட்டது என்று எண்ணற்க. 1979ஆம் ஆண்டில் பீகார்ச் சிறைகளைப்பற்றிய செய்திகள் நாளிதழில் வெளிவந்து நாட்டை நடுங்கச் செய்தன. சோட்டா நாகபுரியும் அந்நாளில் பீகாரைச் சார்ந்ததே. சிறு குற்றம் சாட்டப்பட்ட ஏழைகள், அக்குற்றத்திற்குச் சட்டம் விதிக்கும் தண்டனைக் காலத்தினும் மிகுதியாக, விசாரணையே இன்றிச் சிறையில் கிடந்தனர். கபிலா ஹிங்கோரானி என்னும் பெண் வழக்குரைஞர் இதனை உச்சநீதி மன்றத்தின்முன் கொணர்ந்தார். விரைந்த விசாரணை என்பது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உயிருரிமையின் பகுதியே என்று நீதிபதி பகவதி முதலானோர் தீர்ப்புரைத்து, அவர்களை விடுவித்தனர். 1900ஆம் ஆண்டில் ராஞ்சிச் சிறையில் மாண்டோர்க்குக் கிட்டாத சொல் அது.

2000ஆம் ஆண்டில் பீகாரின் தென்பகுதி பிரிந்து ஜார்க்கண்ட் மாநிலமாயிற்று. பிர்சா பிறந்த நாளாகிய நவம்பர் 15ஆம் நாளையே அதற்குத் தேர்ந்தனர். அன்றே ராஞ்சிக் கிளை நீங்கி, ஜார்க்கண்ட் உயர்நீதி மன்றம் பிறந்தது. வினோத் குமார் குப்தா அதன் முதல் தலைமை நீதிபதி. இருபத்தைந்து நீதிபதிகள் அமர்தற்கு இப்போது அங்கு இடம் உண்டு. தலைமை நீதிபதிகளாக அமர்ந்தோருள் தமிழ்நாட்டினரும் உளர். கற்பக விநாயகம் 2006 முதல் 2008 வரை அப்பதவி வகித்தார். தமிழ்நாட்டில் மாவட்ட நீதிபதியாகப் பணி தொடங்கிய ஆர். பானுமதி, 2013 நவம்பரில் அங்குத் தலைமை நீதிபதியாகி, அடுத்த ஆண்டு ஆகஸ்டில் உச்சநீதி மன்ற நீதிபதியாக உயர்ந்தார்.

புதிய மன்றத்தின்முன் வந்த வழக்குகளுள் ஒருவகை, முன்னமே நான் குறித்த நிலவழக்கே. சட்டத்தை ஏய்த்துப் பறிக்கப்பட்ட நிலத்தைப் பழங்குடியினர்க்கு மீட்டுத் தரும் அதிகாரத்தை 1969ஆம் ஆண்டு விதி துணை ஆணையர்க்கு வழங்கியிருந்தது. ஆனால் நிலத்தின்மேல் கட்டடம் எழுப்பப்பட்டிருப்பின், ஈடு பெற்றுக்கொண்டு நிலத்தை விடவும் அவ்விதியில் இடம் இருந்தது. அவ்விடம் பலர்க்கு நுழைவாயில் ஆயிற்று. மேலும் ஒரு வினா எழுந்தது. எத்தனை ஆண்டு கழிந்த பின்னும் மீட்கலாமோ? இம்மன்றத்தினின்று சென்ற வழக்கொன்றில், 2004ஆம் ஆண்டில், நாற்பதாண்டு கழித்து அவ்வதிகாரத்தைச் செலுத்துதல் தகாது. ஏற்ற காலத்துள் செலுத்துதல் வேண்டும் என்று உச்சநீதி மன்றம் தீர்ப்பளித்தது. சட்ட நெறிக்கு இது மாறன்று. நெடுநாள் உழுது பயிரிடுவோனையும் திடீரெனக் கிளப்புதல் முறையாகாது அன்றோ? ஆனால் அந்நாற்பதாண்டில் பெரும்பகுதி, மன்றமே முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த காலம் என்பதையும் உடன் எண்ணிப் பார்த்தல் வேண்டும். காலந்தாழ்த்தவன் யார் என்னும் வினாவிற்கு விடை அத்துணை எளிதன்று.

உயர்நீதி மன்றமும் வழுவாத தெய்வமன்று. அதன் தீர்ப்பும் மேல்மன்றத்தில் மாறுதல் உண்டு. பழங்குடிப் பகுதிகளின் ஊராட்சித் தலைமை முழுவதையும் பழங்குடியினர்க்கே ஒதுக்கும் சட்டத்தை இம்மன்றம் 2005 செப்டம்பரில் செல்லாதெனக் கூறிற்று. ஒருபாலார்க்கே அனைத்தையும் ஒதுக்குதல் சமன்மைக்கு மாறு என்பது அதன் கருத்து. அதனால் ஊராட்சித் தேர்தல் நின்றது. 2010 சனவரியில் உச்சநீதி மன்றம், பழங்குடிப் பகுதிகளின் தனித்தன்மை கருதி அவ்வொதுக்கீடு செல்லும் என முடிவு செய்தது. அவ்வாண்டின் இறுதியில் தேர்தல் நடந்தது. அங்கு அதற்குமுன் ஊராட்சித் தேர்தல் நடந்தது 1978ஆம் ஆண்டில். முப்பத்திரண்டு ஆண்டு இடைவெளி! மாநிலம் பிறக்குமுன்பே தொடங்கிய அவ்விடைவெளிக்கு மன்றம் ஒன்றே பொறுப்பன்று. எனினும் அதன் இறுதி ஆண்டுகள் தீர்ப்பை எதிர்நோக்கியே கழிந்தன.

நிலத்தைக் காக்கும் வழக்காறே பெண்ணுக்கு இடர் செய்தலும் உண்டு. ஹோ குடியின் வழக்காற்றில் நிலம் ஆண்வழியே செல்லும். கணவனை இழந்தவளும் மணமாகா மகளும் உழுது உண்ணலாம், உரிமை இல்லை. இதனை எதிர்த்து மது கிஷ்வர் என்னும் எழுத்தாளரும் பழங்குடிப் பெண்களும் 1982ஆம் ஆண்டில் உச்சநீதி மன்றத்தை நாடினர். 1996 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. ஆண்வழி உரிமையை அது முற்றும் களையவில்லை. நிலத்தால் வாழும் பெண்ணை, அவள் அதனை நம்பி வாழுங்காறும், எவரும் வெளியேற்றலாகாது என்று தடுத்தது. பதினான்கு ஆண்டு காத்திருந்தோர்க்குப் பாதி வழி கிடைத்தது.

2016ஆம் ஆண்டில் மாநில அரசு இவ்விரு குத்தகைச் சட்டங்களையும் திருத்தி, உழவு நிலத்தைப் பிற பயன்கட்கு விடுதற்கு வழி செய்ய முனைந்தது. மலையெங்கும் எதிர்ப்பு எழுந்தது. அந்நாளில் ஆளுநராக இருந்தவர் திரௌபதி முர்மு. சந்தாலர் குடியிற் பிறந்த பெண்மணி. தம்மிடம் குவிந்த முறையீடுகளை நோக்கிய அவர், 2017ஆம் ஆண்டில் அம்மசோதாக்களைக் கையொப்பமிடாது திருப்பியனுப்பினார். அரசும் அவற்றைக் கைவிட்டது.

அவரே 2022ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவரானார். மறு ஆண்டு மே 24ஆம் நாள், ராஞ்சியின் துர்வா என்னும் பகுதியில் உயர்நீதி மன்றத்திற்கென எழுப்பப்பெற்ற புதிய மாளிகையைத் திறந்து வைக்க வந்தார். 165 ஏக்கர் வளாகம். நாட்டிலுள்ள உயர்நீதி மன்ற வளாகங்களுள் மிகப் பெரியது எனக் கூறுவர். இந்தியத் தலைமை நீதிபதியும் சட்ட அமைச்சரும் மேடையில் இருந்தனர். சான்றோர் கூடிய அவ்விழாவில் மாளிகையின் சிறப்பைப் பாராட்டிய பின்னர், குடியரசுத் தலைவர் ஏழை வழக்காளரைப்பற்றிப் பேசினார். பல்லாண்டு அலைந்து, உச்சநீதி மன்றம்வரை சென்று வென்று மகிழ்ச்சியோடு தம்மிடம் வந்த சிலர், சில ஆண்டு கழித்து, தீர்ப்பு மட்டுமே கையில் உள்ளது. தீர்ப்பு அளித்த பொருள் இன்னும் கைக்கு வரவில்லை என்று மீண்டும் வந்ததைக் கூறினார். அத்தகையோர்க்கு மெய்யான நீதி கிட்டும் வழியை நீங்கள்தாம் காணல் வேண்டும் என்று மேடையில் இருந்த நீதிபதியரையும் அமைச்சரையும் நோக்கி வேண்டினார்.